வெளிநாட்டில் கடைச் சாப்பாட்டோடு வாழ்பவர்கள் உடல் நிறையை எப்படிக் கட்டுக்குள் வைத்திருக்கிறீர்கள்?

கோண்டாவிலான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்து நல்லூர்த் திருவிழாவுக்கென ஐந்து வாரம் விடுமுறை எடுத்துப் பாரிசிலிருந்து வந்திருக்கிறேன். கோண்டாவிலில் அம்மாவின் வீட்டு விறாந்தையில் இருந்தபடி இதை எழுதுகிறேன். 2014 இல் இந்த வீட்டிலிருந்து புறப்பட்டபோது என் நிறை 63 கிலோ. சென்ற செவ்வாய்க்கிழமை வைத்தியசாலையில் நிறுத்துப் பார்த்தபோது 86 கிலோ. உயரம் 168 சென்ரிமீற்றர், இடுப்பின் சுற்றளவு 104 சென்ரிமீற்றர், வெறுவயிற்றில் எடுத்த குருதியில் சீனியின் அளவு 118. சீனி வருத்தத்தால் அப்பாவின் வலது காலில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டி வந்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். பரிசோதனைத் துண்டை அம்மாவிடம் காட்டியபோது அவர் ஒன்றும் சொல்லாமல் அதை மடித்துச் சாமிப்படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டார்.

என் நாள் எப்படிப் போகிறது என்று சொன்னால்தான் நீங்கள் பொருத்தமான வழி சொல்ல முடியும். ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை. காலை 9 மணியிலிருந்து பிற்பகல் 3 மணி வரை ஒரு பாதி, மாலை 6 மணியிலிருந்து இரவு பதினொன்றரை வரை மறு பாதி. இரண்டு பாதிக்கும் முன்பு வேலையாட்களுக்குச் சாப்பாடு தருவார்கள். பெரும்பாலும் பாணும் வெண்ணெயும், பொரித்த உருளைக்கிழங்கு, கிறீம் விட்ட பாஸ்ரா. இடையில் கிடைக்கும் மூன்று மணித்தியாலத்தில் அறைக்குப் போய்வர முடியாது என்பதால், பாரிசில் எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லாச்சப்பலுக்குப் போய்விடுவேன். அங்கே ஒரு பால்தேத்தண்ணி, இரண்டு றோல்ஸ். தெரிந்தவர்கள் வந்தால் இன்னொரு தேத்தண்ணி. இரவு வேலை முடிந்ததும் ஒரு கொத்துரொட்டிப் பார்சல். அறை ஏழாம் மாடியில், ஒன்பது சதுர மீற்றர். ஒரு மின்னடுப்பு இருந்தது. கறி தாளித்தால் மணம் படிக்கட்டு முழுவதும் பரவுகிறது என்று அயலவர்கள் முறையிட்டதால், அறையில் சமைக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் எழுதித் தந்துவிட்டார்.

இங்கே வந்து மூன்று வாரமாகத் திருவிழா விரதம், மீன் இறைச்சி எதுவும் தொடவில்லை. ஆனாலும் வந்த அன்று 85.5 ஆக இருந்த நிறை அரைக் கிலோ கூடித்தான் இருக்கிறது. சைவச் சாப்பாடு சாப்பிட்டால் மெலிந்துவிடுவேன் என்று நம்பியிருந்தேன். இதே நிலையில் இருந்து மீண்டவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.


ஸ்காபரோ_அக்கா எழுதியது:

தம்பி, உங்கள் பதிவை வாசித்துவிட்டு வேலைக்குப் போகும் பஸ்ஸில் இருந்து எழுதுகிறேன். எனக்கும் இதே கதைதான், இடம் மட்டும் வேறு. இரண்டு பிள்ளைகளைப் பின்னேர வகுப்புகளுக்கு ஏற்றி இறக்கும் நாட்களில் வீட்டில் அடுப்பு எரியாது. வழியில் எடுக்கும் இடியப்பமும் சொதியும்தான் இராச்சாப்பாடு. வார இறுதியில் பிறந்தநாள், சாமத்திய வீடு, கல்யாணம் என்று ஏதாவது ஒரு மண்டபம்.

இங்கே கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 2017 தை மாதம் முதல், இருபது அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உள்ள உணவகங்கள் ஒவ்வொரு உணவுக்கும் எத்தனை கலோரி என்று பட்டியலிலேயே காட்ட வேண்டும். அதனால் கோப்பிக் கடைக்குப் போனால் எண்ணைப் பார்த்து ஒன்றைத் தெரிவு செய்யலாம். எங்கள் ஆட்களின் கடைகளுக்கு அத்தனை கிளைகள் இல்லை. ஆகவே நாங்கள் அதிகம் சாப்பிடுகிற சாப்பாட்டுக்குத்தான் எண் இல்லை. அந்த எண்ணை நான் சொந்தமாகத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. வீட்டில் ஒரு சிறிய தராசு வாங்கி, ஒரு மாதம் கடைச் சாப்பாடு ஒவ்வொன்றையும் நிறுத்து எழுதினேன். அதற்குப் பிறகு கண்ணே அளவு சொல்லப் பழகிவிட்டது.

மண்டபத்துக்குப் பசியோடு போவதில்லை என்பது என்னுடைய இன்னொரு பழக்கம். சாப்பாடு எட்டு மணி என்று அழைப்பிதழில் இருக்கும், கைக்கு வரும்போது பத்தாகும். அதுவரை மேசைக்கு வந்துகொண்டே இருக்கும் கட்லட்டையும் றோல்ஸையும் பசித்த வயிற்றால் மறுக்க முடியாது. ஆறு மணிக்கே வீட்டில் ஒரு கிண்ணம் பருப்பும் ஒரு முட்டையும் சாப்பிட்டுவிட்டுப் போவேன்.

ஒரு நாளில் எத்தனை தேத்தண்ணி குடிக்கிறீர்கள், ஒவ்வொன்றிலும் எவ்வளவு சீனி என்று எழுதவில்லையே?


சங்கானை_67 எழுதியது:

இதற்கு இவ்வளவு ஆராய்ச்சி தேவையா என்று தெரியவில்லை. கடையில் சாப்பிடுவதை நிறுத்துங்கள், சமைத்துச் சாப்பிடுங்கள், நடவுங்கள். எங்கள் தகப்பன்மார் தோட்டத்தில் கொத்திவிட்டு வந்து புட்டும் பழைய மீன்குழம்பும் சாப்பிட்டு எண்பது வயது வரை இருந்தார்கள். மனம் இருந்தால் ஒன்பது சதுர மீற்றர் அறையிலும் ஒரு சோற்றுப் பானைக்கு இடமுண்டு.


கோண்டாவிலான் எழுதியது:

ஐயா, உங்கள் அக்கறை விளங்குகிறது. அறையில் சமைத்தால் அறையே இல்லாமற் போகும். அதைவிட முக்கியமான ஒன்றையும் சொல்ல வேண்டும். நான் லாச்சப்பல் கடைக்குப் போவது வயிற்றுக்காக மட்டும் என்றால் ஒரு அப்பிளோடு பூங்காவில் இருந்துவிடுவேன். காலையிலிருந்து இரவு வரை என்னோடு ஒருவரும் தமிழ் கதைப்பதில்லை. அந்த மூன்று மணித்தியாலத்தில்தான் "என்ன தம்பி, இண்டைக்கு முகம் வாடிக் கிடக்கு" என்று கேட்க ஒருவர் இருக்கிறார். கடையில் இருந்து கதைக்க வேண்டுமென்றால் முன்னால் ஒரு தட்டும் ஒரு தேத்தண்ணியும் இருக்க வேண்டும்; வெறும் மேசையில் எவ்வளவு நேரம் இருக்க முடியும்? கடைக்குப் போகாதே என்று சொல்பவர்கள் அந்தக் கதையையும் சேர்த்து விடச் சொல்கிறார்கள் என்பதைத் தயவுசெய்து எண்ணிப் பாருங்கள். கடைக்குப் போய்க்கொண்டே நிறையைக் குறைக்க வழி இருக்கிறதா என்பதே என் கேள்வி.

அக்கா, தேத்தண்ணி நாளுக்கு ஐந்து. ஒவ்வொன்றிலும் மூன்று தேக்கரண்டி சீனி. நீங்கள் கேட்கும் வரை நானே கூட்டிப் பார்க்கவில்லை.


மருதடி எழுதியது:

நான் யாழ்ப்பாணத்தில் அரச வைத்தியசாலை ஒன்றில் தாதியாகப் பணிபுரிகிறேன். சீனி வருத்தத்துக்கான கிளினிக்கில் ஒன்பது வருடம். திருவிழாக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் அம்மாவையோ அப்பாவையோ கூட்டிக்கொண்டு வந்து, தங்களுக்கும் ஒருமுறை பார்க்கச் சொல்வார்கள். வரிசையில் அம்மாவின் எண்ணைவிட மகனின் எண் கூடுதலாக இருப்பதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். ஆகவே நீங்கள் தனியாள் இல்லை.

முதலில் எண்களைப் பற்றி. உங்கள் உடற்திணிவுச் சுட்டி (BMI, உயரத்தோடு ஒப்பிட்டு நிறையைக் காட்டும் எண்) 30.5 வருகிறது. ஆசிய மக்களுக்கு 23 ஐத் தாண்டினாலே நோய் ஆபத்து கூடத் தொடங்குகிறது என்றும், 27.5 ஐத் தாண்டினால் ஆபத்து அதிகம் என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004 இல் எழுதியது. ஐரோப்பியர்களோடு ஒப்பிடும்போது எங்களுக்குக் குறைந்த நிறையிலேயே வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்துவிடுகிறது, அதனால் சீனி வருத்தமும் நேரத்தோடு வருகிறது. அங்குள்ள வைத்தியர் "கொஞ்சம் நிறை கூட, அவ்வளவுதான்" என்று சொன்னால் அத்தோடு ஆறுதல் அடைந்துவிடாதீர்கள். தெற்காசிய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90, பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர் என்பதுதான் எல்லை. நூல்நாடா ஒன்று வாங்கிக்கொண்டு போங்கள், தராசைவிட அது பயன்படும்.

உங்கள் 118 சீனி வருத்தம் அன்று, அதற்கு முந்திய படி. இந்தப் படியிலிருந்து திரும்ப முடியும். அமெரிக்காவில் நடந்து 2002 இல் வெளியான பெரிய ஆய்வில், இந்தப் படியில் நின்றவர்களுக்கு உடல் நிறையில் 7 வீதத்தைக் குறைப்பதும் கிழமைக்கு 150 நிமிடம் நடப்பதும் இலக்காக வைக்கப்பட்டன. அந்த வழியைப் பின்பற்றிய குழுவில் நோய் வருவது 58 வீதம் குறைந்தது. சென்னையில் எங்கள் மக்களிடமே செய்து 2006 இல் வெளியான ஆய்விலும் ஏறத்தாழ 28 வீதம் குறைந்தது. உங்களுக்கு 7 வீதம் என்றால் ஆறு கிலோ. 63 கிலோவுக்குத் திரும்ப வேண்டும் என்று நினைத்தால் மலைத்துப் போவீர்கள். 80 ஐ மட்டும் மனதில் வையுங்கள்.

இனி அந்த ஐந்து தேத்தண்ணி. மூன்று தேக்கரண்டி என்றால் 15 கிராம், ஐந்துக்கு 75 கிராம், அதாவது 300 கலோரி. சேர்க்கப்படும் சீனி நாளாந்தச் சக்தியில் 10 வீதத்துக்கு உட்பட வேண்டும், 5 வீதத்துக்கு உட்பட்டால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015 இல் சொன்னது. 2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு அது 50 கிராம், 25 கிராம் என்று வரும். நீங்கள் சாப்பாட்டில் கை வைப்பதற்கு முன்பே, தேத்தண்ணியில் மட்டும் எல்லையைத் தாண்டிவிடுகிறீர்கள். கடையில் ரின்பால் (தகரத்தில் வரும் இனிப்புக் கெட்டிப்பால்) விடுகிறார்கள் என்றால் அந்தப் பாலிலேயே ஏறத்தாழ பாதி சீனிதான். கோப்பைக்கு மேலே போடும் சீனி அதற்குப் புறம்பு. கதைக்கும் நேரம் உங்களுக்கு வேண்டும் என்பதை நான் முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன். பாலும் சீனியும் இல்லாத வெறும் பிளேன்ரீயோடும் அதே மேசையில் அதே நேரம் இருக்கலாம்.

இரவு ஒன்றரைக்குப் படுத்துக் காலை ஏழுக்கு எழும்புகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் சுரப்பு கூடி, போதும் என்று சொல்லும் சுரப்பு குறைகிறது. அடுத்த நாள் றோல்ஸைப் பார்க்கும்போது வருகிற ஆசையில் ஒரு பங்கு தூக்கமின்மையுடையது. இதை மனவலிமைக் குறைவென்று நினைத்து உங்களை நீங்களே கடிந்துகொள்ள வேண்டாம்.

சைவச் சாப்பாடு பற்றியும் கேட்டீர்கள். விரத நாட்களில் சோற்றின் அளவு கூடுகிறது, புரதம் குறைகிறது. வடையும் பொரியலும் அப்பளமும் பாயாசமும் ஒரே இலையில் வருகின்றன. பின்னேரம் கோயிலால் வரும்போது ஐஸ்கிறீம். அரைக் கிலோ கூடியதில் எனக்கு வியப்பில்லை.


அடுப்படி எழுதியது:

லண்டன் ஈஸ்ற்ஹாமில் பதினொரு வருடம் கொத்துத் தகட்டில் நின்றுவிட்டு, இப்போது யாழ் நகரில் சிறிய சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறேன். தகட்டுக்கு அந்தப் பக்கம் நின்றவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்வது என் கடமை என்று நினைக்கிறேன்.

தாதித் தங்கச்சி சீனியைச் சொன்னார், நான் எண்ணெயைச் சொல்கிறேன். கொத்துக்கு எண்ணெய் ஒரே இடத்தில் சேர்வதில்லை. மாக் குழைக்கும்போது கொஞ்சம், உருண்டைகளை ஊறவைக்கும்போது காயாமலிருக்க மேலே கொஞ்சம், ரொட்டியை வீசித் தட்டும்போது கல்லில் கொஞ்சம், சுடும்போது சுற்றிவர, பிறகு வெங்காயம், லீக்ஸ், முட்டை வதக்கத் தகட்டில் ஒரு ஊற்று, கடைசியாக இறைச்சிக் குழம்பை அள்ளும்போது அகப்பையில் முதலில் ஏறுவது மேலே மிதக்கும் எண்ணெய்தான். ஒருமுறை என் மகள் பாடசாலை வேலைக்காகக் கேட்டதால், இவை எல்லாவற்றையும் அளந்து போட்டுப் பார்த்தோம். ஒரு பார்சலுக்கு நான்கு மேசைக்கரண்டி வந்தது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி என்று மகள்தான் சொன்னாள். மா, முட்டை, இறைச்சி எதையும் எண்ணாமல் எண்ணெய் மட்டும் 480. அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கடையில் வந்து "எண்ணெய் குறைத்துப் போடுங்கோ" என்று பலர் கேட்பார்கள். சமையல்காரர் சரி என்று தலையாட்டுவார். அவர் ஏமாற்ற நினைப்பதில்லை. ஆனால் இரவு எட்டு மணி நெரிசலில் அவருடைய கைக்கு ஓர் அளவுதான் தெரியும், அந்தக் கை அதே அளவைத்தான் ஊற்றும். ஆகவே அவருடைய கை செய்யக்கூடிய ஒன்றைக் கேளுங்கள். "மூன்று ரொட்டிக்குப் பதிலாக ஒன்றரை போடுங்கோ, கோவாவும் கரட்டும் கூட்டுங்கோ, இரண்டு முட்டை அடியுங்கோ, குழம்பு புறம்பாகக் கட்டுங்கோ." எண்ணக்கூடிய பொருளைச் சொன்னால் அது நடக்கும். அதையும் தகட்டில் எண்ணெய் விழுவதற்கு முன்பே சொல்ல வேண்டும்.

இன்னொன்று. பார்சல் பெரிதாகத் தெரியாவிட்டால் வாடிக்கையாளர் அடுத்த நாள் வேறு கடைக்குப் போய்விடுவார் என்ற பயம் எங்கள் எல்லோருக்கும் உண்டு. கடைக்காரனுக்கு மலிவானவை சோறும் மாவும். அதனால் சோற்றைக் குவிக்கிறோம், கறியை அளக்கிறோம். சோறு பாதி போதும், மற்றப் பாதிக்குப் பதில் கீரை வறை தாருங்கள் என்று என்னிடம் கேட்பவர்களுக்கு மனநிறைவோடு கொடுக்கிறேன். கேட்பவர்கள் மிகக் குறைவு. கேளுங்கள், கடைக்காரர் கோபிக்க மாட்டார்.


கொழும்புத்துறையான் எழுதியது:

நான் மறுபக்கத்திலிருந்து வந்தவன். ஜேர்மனியில் இருபத்தாறு வருடம் வாழ்ந்துவிட்டு, ஒரு வேலைக்காக இரண்டு வருடமாக யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் வாடகை அறையில் இருக்கிறேன். பிறந்த ஊர்தான், ஆனால் சமைக்க ஒருவரும் இல்லாததால் மூன்று வேளையும் கடை. அந்த வகையில் எனக்கு இதுவே வெளிநாடு. முதல் எட்டு மாதத்தில் ஏழு கிலோ ஏறினேன்.

ஒரு நாள் மத்தியானப் பார்சலைப் பிரித்து, லஞ்ச் ஷீற்றோடு தராசில் வைத்தேன். சோற்றை மட்டும் வேறாக்கி நிறுத்தபோது 560 கிராம். சமைத்த சோறு நூறு கிராமுக்கு ஏறத்தாழ 130 கலோரி என்று வைத்தால், வெறும் சோறு மட்டும் 728. மீன் ஒரே ஒரு துண்டு, 60 கிராமும் இல்லை. பருப்பு இரண்டு கரண்டி, வறை ஒரு பிடி. இப்போது செய்வது இதுதான்: ஒரு பார்சல் எடுத்து, பிரித்தவுடன், கை வைப்பதற்கு முன்பே சோற்றில் பாதியை மூடியுள்ள பெட்டியில் போட்டுவிடுவேன். சாப்பிடத் தொடங்கிய பிறகு பாதியில் நிறுத்த என்னால் முடிந்ததில்லை. அதற்குப் பதிலாக இன்னொரு மீன் துண்டும் வல்லாரைச் சம்பலும். வாழையிலையில் பரிமாறும் கடைகளில் இன்னும் கவனம் வேண்டும். வாளியோடு வருபவர் நீங்கள் மறிக்கும் வரை போடுவார், ஆகவே அவர் உங்கள் இலைக்கு வருவதற்கு முன்பே கையை மேலே பிடியுங்கள்.

காலையில், பெண்கள் நடத்தும் பாரம்பரியச் சாப்பாட்டுக்கடையான அம்மாச்சி உணவகத்துக்குப் போகிறேன். குரக்கன் புட்டு, இலைக்கஞ்சி, ஏதாவது ஒரு பயறு. பெண்கள் கண்முன்னே அவிக்கும் சாப்பாடு, சோடாப் போத்தல் இல்லை. சோடா என்று சொன்னால், இலங்கையில் 2016 முதல் குளிர்பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டும் நிற வட்டம் இருக்கிறது. நூறு மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைவு என்றால் பச்சை. விடுமுறையில் வருபவர்கள் வெயிலுக்கு ஒன்றன்பின் ஒன்றாக வாங்குகிறார்கள், அந்த வட்டத்தை ஒருவரும் பார்ப்பதில்லை.

ஏறிய ஏழில் ஐந்து இறங்கிவிட்டது.


வேலணை_டோகா எழுதியது:

இங்கே டோகாவில் மாதக்காசு கட்டி மெஸ்ஸில் எடுக்கும் சாப்பாடுதான். தேர்ந்தெடுக்க வழியில்லை, தருவதைச் சாப்பிட வேண்டும். நான் செய்த ஒரே மாற்றம், மெஸ்காரர் தரும் பெரிய தட்டைத் தவிர்த்து, என் சொந்தச் சாப்பாட்டுப் பெட்டியை நீட்டுவது. பாடசாலைப் பிள்ளைகள் கொண்டுபோகும் அளவான பெட்டி. அது கொள்ளும் அளவே சாப்பாடு. ஒன்பது மாதத்தில் நான்கு கிலோ குறைந்தது.


சங்கானை_67 எழுதியது:

தம்பி கோண்டாவிலான், முன்பு நான் எழுதியது சற்றுக் கடுமையாகப் போய்விட்டது. நீங்கள் தமிழ் கேட்கக் கடைக்குப் போகிறேன் என்று எழுதியதை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். எங்கள் மகனும் சுவிசில் தனியாகத்தான் இருக்கிறான். அவனிடம் இதுவரை சமைக்கிறாயா என்றுதான் கேட்டிருக்கிறேன், யாரோடு சாப்பிடுகிறாய் என்று கேட்டதில்லை.


கோண்டாவிலான் எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. நாளை மறுநாள் பயணம். தாதி அக்காவிடம் ஒரு கேள்வி. இரவு பதினொன்றரைக்கு வேலை முடியும்போது பசி தாங்க முடியாமல் இருக்கும். அந்த நேரத்தில் ஒன்றும் சாப்பிடாமல் படுக்க வேண்டுமா?


மருதடி எழுதியது:

வேண்டாம். பட்டினியாகப் படுத்தால் இரண்டாம் நாள் இரட்டிப்பாகச் சாப்பிடுவீர்கள். அந்தப் பசி ஐந்தரைக்குச் சாப்பிட்ட சாப்பாட்டின் குறையால் வருவது. பாணும் கிழங்கும் விரைவில் சமித்துவிடும். ஐந்தரைச் சாப்பாட்டில் மீன், முட்டை, பருப்பு, கோழி என்று ஏதாவது ஒன்று கட்டாயம் இருக்கட்டும், பாணைக் குறையுங்கள். இரவுக்குச் சூடான, நீர்த்தன்மையான, சிறிய சாப்பாடு போதும். உங்கள் முதலாளியிடம் கேட்டு, அங்கேயே பருப்பும் மரக்கறியும் அவித்து ஒரு பெட்டியில் எடுத்துக்கொண்டு போக முடியுமா என்று பாருங்கள். அவித்த பருப்பைத் தாளிக்க வேண்டியதில்லை, மணமும் எழாது. ஏழு மாடிப் படியையும் நாளுக்கு ஒருமுறையாவது ஏறுங்கள். முழு நாளும் நின்றுதானே வேலை செய்கிறேன் என்று கிளினிக்கில் பலர் சொல்வார்கள். நிற்பது கால் நோவைத் தரும், மூச்சு வாங்க நடப்பதற்கு ஈடாகாது.


கோண்டாவிலான் எழுதியது (ஐந்து மாதத்தின் பின்):

பாரிசிலிருந்து எழுதுகிறேன். இன்று காலை 81 கிலோ, இடுப்பு 98 சென்ரிமீற்றர். கடந்த கிழமை எடுத்த குருதியில் சீனி 106. நடந்ததை ஒழுங்காக எழுதிவைக்கிறேன், இதே நிலையில் உள்ள ஒருவருக்கு உதவக்கூடும்.

தேத்தண்ணிதான் எல்லாவற்றையும்விட எளிதாக முடிந்தது. முதல் இரண்டு கிழமை பிளேன்ரீ வாயில் வைக்க முடியாமல் கைத்தது; மூன்றாம் கிழமையிலிருந்து பழகிவிட்டது. இப்போது நாளுக்கு ஒரு பால்தேத்தண்ணி ஒரு கரண்டிச் சீனியோடு, மற்றவை சீனியில்லாத பிளேன்ரீ. லாச்சப்பல் கடைக்குத் தினமும் போகிறேன், அதே மேசைதான். றோல்ஸை வெள்ளிக்கிழமைக்கு மட்டும் என்று வைத்திருக்கிறேன். மற்ற நாட்களில் அவித்த முட்டை இரண்டும் ஒரு தோடம்பழமும் கையில் கொண்டுபோவேன். முதல் நாள் கடையில் இருந்து கைமருந்துபோல ஒளித்துச் சாப்பிட்டேன். கடைக்கார அண்ணை கண்டுவிட்டு, உப்பும் மிளகும் கொண்டுவந்து வைத்தார்.

வேலைத்தலத்தில் கேட்கத்தான் தயங்கினேன். பத்து வருடமாக ஒன்றும் கேட்காதவன் இப்போது கேட்டால் என்ன நினைப்பார்கள் என்ற கூச்சம். சமையல் பொறுப்பாளரிடம் குருதிப் பரிசோதனைத் துண்டைக் காட்டினேன். அவருடைய தகப்பனாருக்கும் இதே வருத்தமாம். இப்போது எனக்கு ஒரு துண்டு மீனும் அவித்த போஞ்சியும் வேறாக எடுத்து வைக்கிறார். இரவில் பருப்பு அவித்து எடுத்துப் போகவும் விடுகிறார். இங்கே ஒரு பாண் குச்சி 250 கிராம், அதில் அறுநூற்றுக்கு மேல் கலோரி. முன்பு இரு வேளையும் சேர்த்து ஒன்றை முடித்துவிடுவேன், இப்போது கால்வாசி. கொத்து கிழமைக்கு ஒருமுறை, அடுப்படி அண்ணை சொன்னபடியே ஒன்றரை ரொட்டி, இரண்டு முட்டை, கூடுதல் கோவா. முதல்முறை கேட்டபோது தகட்டில் நின்ற பையன் நிமிர்ந்து பார்த்தான். இப்போது என்னைக் கண்டதும் கோவாவை வெட்டத் தொடங்குகிறான்.

சரிவராதவையும் உண்டு. மார்கழியில் உணவகத்தில் வேலை குவிந்து, இரு பாதியும் ஒன்றாகி, இடைவேளையே இல்லாமற் போனது. நின்றபடி தட்டுகளில் மிஞ்சியதைச் சாப்பிட்டேன். மூன்று கிழமையில் 1.2 கிலோ திரும்பி வந்தது. அதை இறக்கத் தை முழுவதும் எடுத்தது. தூக்கம் இன்னும் ஆறு மணித்தியாலத்தைத் தாண்டவில்லை. ஏழு மாடி ஏறுவதைக் கிழமைக்கு நான்கு நாள்தான் செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாக இருக்கும்போது எதையாவது வாங்கி வந்து அறையில் சாப்பிடும் பழக்கத்தை என்னால் இன்னும் முழுமையாக விட முடியவில்லை. அதற்கு யாரிடமாவது வழி இருந்தால் எழுதுங்கள்.


ஸ்காபரோ_அக்கா எழுதியது:

ஞாயிற்றுக்கிழமை உங்கள் நேரம் பிற்பகல் நான்கு மணிக்கு எனக்குக் காலை பத்து மணி. அந்த நேரத்தில்தான் நானும் பிள்ளைகளும் பூங்காவில் நடப்போம். காதில் தொலைபேசியை வைத்துக்கொண்டு நீங்களும் அங்கே நடக்கலாம், தம்பி. அம்மாவுக்கு 106 ஐச் சொன்னீர்களா?


கோண்டாவிலான் எழுதியது:

சொன்னேன் அக்கா. பழைய துண்டு இன்னும் சாமிப்படத்துக்கு முன்னால்தான் இருக்கிறதாம், புதியதையும் அனுப்பச் சொன்னார். தெரிந்த ஒருவர் ஊருக்குப் போகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். ஞாயிறு நான்கு மணிக்கு நான் ஆயத்தம். அடுத்த பரிசோதனை சித்திரையில். எண் கைக்கு வந்ததும் இங்கே பதிகிறேன்.